கள்ளன் மேசை

போன மாதம் ஒரு செல்போன் விளையாட்டு என்னைக் கள்ளி என்று முடிவு கட்டி வெளியே தள்ளிவிட்டது. வண்ணக் கோலிகளை நிறம் பார்த்துச் சேர்த்து உடைக்கிற விளையாட்டு. வேலையை விட்டு வந்தபிறகு கை சும்மா இருக்க மாட்டேன் என்றதால் ஆடத் தொடங்கினேன். ஆடி ஆடி மேலே போய்க்கொண்டிருந்தேன். ஒருநாள் காலையில் காபியோடு உட்கார்ந்து திறந்தால், உங்கள் ஆட்டம் மனிதர் ஆடுவதுபோல இல்லை, ஏதோ கருவி வைத்து ஏமாற்றுகிறீர்கள், ஆகவே உங்கள் கணக்கை நீக்கியிருக்கிறோம் என்று அறிவிப்பு வந்திருந்தது. முறையிடலாம் என்று கீழே ஒரு பொத்தான். என் தரப்பை எழுதி அனுப்பிவிட்டுக் காபி டம்ளரைக் கையில் எடுப்பதற்குள் பதில் வந்துவிட்டது. மறுபரிசீலனை செய்தார்களாம், முடிவில் மாற்றம் இல்லையாம்.

என் கை சீராகத்தான் தட்டும். சிப்புகளின் கால்களை ஒவ்வொன்றாக மீட்டர் முனையால் தொட்டுத் தொட்டுப் பார்த்தே வயதான கை அது. அந்தச் சீரைப் பார்த்துவிட்டு ஒரு எந்திரம் என்னை எந்திரம் என்று நினைத்திருக்கிறது. முதலில் சிரிப்புதான் வந்தது. ஏனென்றால் தொண்ணூறுகளில் கோயம்புத்தூரில், வீடியோ கேம் மெசின்களைக் கள்ளர்களிடமிருந்து காப்பாற்றுவதுதான் என் பிழைப்பு. சிரிப்பு அன்று மாலையே போய்விட்டது. அதிலிருந்து வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன். சென்னிமலையில் ஒரு பெண் எங்களைக் கேட்ட கேள்வி மண்டைக்குள் சுற்றுகிறது. அதை எழுதி வைத்தாலாவது கால் ஓய்கிறதா பார்ப்போம்.

பெண்கள் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்தேன். ஒரு டி.வி. ரிப்பேர் கடையில் கொஞ்ச காலம், ஒரு மில்லின் மின்சாரப் பிரிவில் கொஞ்ச காலம். இரண்டு இடத்திலும் 'செலின், நீ பில் எழுது' என்றுதான் சொன்னார்கள். மூன்றாவதாகப் போனது சிங்காநல்லூரில், பம்புக்குக் காயில் சுற்றுகிற கடைக்கு மாடியில் இருந்த ஒரு சின்னக் கம்பெனிக்கு. காசு போட்டு ஆடுகிற வீடியோ கேம் மெசின் செய்தார்கள். அங்கேதான் முதல் நாளே என் கையில் திருப்புளியைக் கொடுத்தார் நாச்சிமுத்து சார்.

சார்தான் முதலாளி, அவரேதான் தலைமை எஞ்சினியர். மில்லில் மெசின் பார்த்து வந்தவர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு டெஸ்டர் இருக்கும். யோசனை வந்தால் அதை எடுத்து மூடியைக் கழற்றுவார், மாட்டுவார், கழற்றுவார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் கூடக்கூட மரியாதையும் கூடும். 'என்னுங்க இது' என்றால் சின்னத் தப்பு. 'நீங்க பண்டுனதுங்களா இது, ரொம்ப நல்லா இருக்குதுங்க' என்றால் அன்றைக்கு மத்தியானம் சோறு இறங்காது.

அவருடைய முறை ஒன்று இருந்தது. எந்தப் பூட்டைப் புதிதாகப் போட்டாலும் அதை உடைக்க ஒருவரை உட்கார்த்தி வைப்பார். ஜன்னலோரம் அதற்கென்றே ஒரு மேசை. பேர் கள்ளன் மேசை. அதில் உட்காருகிறவருக்கு எங்கள் வரைபடம் எதுவும் கிடையாது, செய்தவரிடம் ஒரு வார்த்தை கேட்கக் கூடாது. கடைக்காரர் வாங்குவதுபோல ஒரு மெசினை அப்படியே கொடுப்பார்கள். மற்றபடி டவுன்ஹால் பக்கம் கடைகளில் கிடைக்கிற எதையும், வீட்டில் இருக்கிற எதையும் பயன்படுத்தலாம். உடைத்தால் எப்படி என்று எல்லார் முன்னாலும் செய்துகாட்ட வேண்டும். உடைக்க முடியாவிட்டால்தான் பூட்டு வெளியே போகும். வேலை நடக்கும்போது சாரே படியருகில் நின்று, "கள்ளருக்கு ஒரு டீ சொல்லுங்க" என்பார். சார் கள்ளருக்கும் 'ர்' போடுவார்.

வந்த சில மாதத்திலேயே அந்த மேசை எனக்கென்று ஆகிவிட்டது. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற வீட்டில் பிறந்தவளுக்கு எப்படித்தான் இந்தப் புத்தி வாய்த்ததோ என்று அம்மாவுக்குக் கவலை. காரணம், அவருடைய கேஸ் லைட்டர் காணாமல் போனது. கடைகளில் சில பையன்கள் காசே போடாமல் ஆடுகிறார்கள் என்று புகார் வந்துகொண்டே இருந்தது. வாஷர் போடுவார்களோ என்று பார்த்தோம். எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு பிரஸ் மெசின் உண்டு, ரூபாய்க் காசு அளவில் வாஷர் வெட்டுவது பெரிய காரியமில்லை. ஆனால் பெட்டியைத் திறந்தால் வாஷரும் இல்லை. கள்ளன் மேசையில் உட்கார்ந்து நாள் முழுக்க அதையே வெறித்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனேன். அம்மா அடுப்புப் பற்றவைக்க லைட்டரை 'டக்' என்று அழுத்தினார், பக்கத்திலிருந்த ரேடியோவில் 'கர்' என்று ஒரு சத்தம். லைட்டரைப் பிடுங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். காசு போடும் தகட்டின்மேல் வைத்து அழுத்த அழுத்த, அந்தப் பொறியைக் காசு என்று நம்பி மெசின் ஆட்டங்களை வாரி வழங்கியது. தகட்டுக்கு எர்த் கொடுத்தோம். காசு விழுகிற நேரமளவுக்கு நீடிக்காத எந்தத் துடிப்பையும் காசாக எண்ணாதே என்று புரோகிராமில் எழுதினோம். அதோடு அது ஓய்ந்தது. அம்மாவுக்குப் புது லைட்டர் வாங்கிக் கொடுத்தது சார்தான்.

இதெல்லாம் ஆடுகிறவர்கள் செய்கிற சில்லறைக் குறும்பு. தூக்கத்தைக் கெடுத்தது வேறு. அதுவரை நாங்கள் ரிப்பேர் பார்த்ததும் விற்றதும் வெளிநாட்டு விளையாட்டுகளின் நகல்கள்தான். அது யாருடையது என்று நாங்கள் ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை. பிறகு சாருக்கு ஆசை வந்து, சொந்தமாக ஒரு விளையாட்டுச் செய்தோம். ரேக்ளாப் பந்தயம். இரண்டு காளை, ஒரு வண்டி, புளியமரச் சாலை, விரட்ட ஒரு பொத்தான், திருப்ப ஒரு கைப்பிடி. நடுநடுவே ஒரு நாய் குறுக்கே ஓடும். நாய் என் யோசனை. எங்கள் தெரு நாயைப் பார்த்துக் கட்டம் கட்டமாக வரைந்தேன், ஒரு காது மட்டும் வெள்ளை. கோபி, திருப்பூர், பொள்ளாச்சி என்று மெசின் பறந்தது.

விற்பனையைப் பார்த்துக்கொண்டவர் சாருடைய மச்சான் தங்கவேலு. அவர் ஒருமுறை ஈரோட்டுப் பொருட்காட்சிக்குப் போய்விட்டு முகம் செத்துத் திரும்பினார். அங்கே ஒரு வரிசையே எங்கள் ரேக்ளா மெசின், ஆனால் எதுவும் நாங்கள் விற்றதில்லை. அந்த ஊர் வியாபாரி ஒருவர் எங்கள் சிப்புகளைப் படித்து அப்படியே நகல் எடுத்து, எங்களைவிட மலிவாக விற்கிறார். நான் அடுத்த பஸ்ஸிலேயே போய்ப் பார்த்தேன். நாய் ஓடியது. ஒரு காது வெள்ளை. என் தெரு நாயை எவனோ கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனதுபோல எனக்கு அழுகை வந்துவிட்டது.

அதன்பிறகு நாங்கள் பூட்டுப் பைத்தியமாக ஆனோம். சிப்பின்மேல் இருந்த எண்களைத் தேய்த்து அழித்தோம். எது எந்தச் சிப்பு என்று நானே ஒரே நாளில் கண்டுபிடித்துவிட்டேன். ஒயர்களை இடம் மாற்றிப் போட்டோம். அதையும் உடைத்தேன். போர்டு முழுக்கக் கறுப்புப் பசை ஊற்றி மூடினோம். அதை என்னால் உடைக்க முடியவில்லை, சித்திரை வெயில் உடைத்தது. சூடு வெளியேற வழியில்லாமல் போர்டுகள் வெந்து திரும்பி வந்தன. சார் டெஸ்டர் மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.

கடைசியில் வந்தது வெளிச்சப் பூட்டு. யோசனை சாருடையது, முதல் போர்டுகளை என் கண்ணில் காட்டாமல் அவரே செய்தார். புதிய ரேக்ளாவில், மழையும் மண்சாலையும் சேர்த்த ரேக்ளாவில், அதை வைத்தோம். போர்டைத் தனியாக ஒரு தகரப்பெட்டிக்குள் போட்டு மூடினோம். மெசின் விளையாட்டைப் படிக்கத் தேவையான சாவியை ஒரு நினைவுச் சிப்பில் வைத்து, அந்தச் சிப்பை உயிரோடு வைத்திருக்க ஒரு பொத்தான் பாட்டரி. பக்கத்தில் மிளகளவு ஒரு கண். அதன்மேல் வெளிச்சம் பட்டால் பாட்டரியின் தொடர்பு அறுந்துவிடும், சாவி மறந்துபோகும். பிறகு மெசினைப் போட்டால் காளையும் வராது, சாலையும் வராது. திரை முழுக்க வண்ணச் சதுரங்கள்தான். கள்ளன் மேசையில் எத்தனையோ போர்டுகளைச் சாகடித்தேன். வெளிச்சமோ என்று சந்தேகம் வந்து, பட்டப்பகலில் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு திறந்து பார்த்தேன், அப்போதும் செத்தது. கம்பளியின் ஓட்டை வழியாக வந்த வெளிச்சமே போதுமாக இருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. முடியலைங்க சார் என்று நான் எழுந்தபோது அவருக்கு வந்த சந்தோசத்தை இன்றும் மறக்கவில்லை. எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கிவரச் சொன்னார். தகரப்பெட்டியின்மேல் 'திறக்கக் கூடாது' என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டி விற்றோம். பூட்டைப் பற்றி வெளியே யாருக்கும் மூச்சுவிடவில்லை. தெரிந்தால் அது பூட்டே இல்லை.

ஆடி, ஆவணி, புரட்டாசி நன்றாகத்தான் போனது. ஈரோட்டுக்காரரிடம் இன்னும் பழைய ரேக்ளாதான் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு ஆயுதபூசை வந்தது.

கோயம்புத்தூரில் அந்த நோம்பி எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. லேத்து, தறி, டெம்போ, தையல் மெசின், எதுவும் பொட்டில்லாமல் இருக்காது. எங்கள் மாடியிலும் எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தோம். வருசா வருசம்போல, கள்ளன் மேசைக்குப் பொட்டு வைக்கிற வேலையைச் சார் எனக்குக் கொடுத்தார். காட்சிக்கு வைத்திருந்த ரேக்ளா மெசினுக்கும் வைத்தோம், தகரப்பெட்டியின் மூடிமேல். உள்ளே என்ன இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியுமே. பொரியும் கடலையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் விஜயதசமி. பூசைக்கு நிறுத்தி வைத்த மெசின்களை நல்ல நேரம் பார்த்துத் திரும்ப ஓட்டுகிற நாள். காலையில் தங்கவேலு ஸ்கூட்டரில் வீட்டு வாசலில் வந்து நின்றார், சாரின் வீட்டுப் போன் ஓயவில்லை என்று. பல ஊர்க்காரர்களும் ஒரே வார்த்தை சொல்கிறார்களாம்: மெசினு எந்திரிக்கலைங்க.

முதலில் சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடைக்குப் போனோம். திரையில் வண்ணச் சதுரங்கள். பின்பக்கக் கதவைத் திறந்து, தகரப்பெட்டியின் மூடியைத் தூக்கினேன். போர்டு குளித்துவிட்டு வந்த மாப்பிள்ளையாக இருந்தது. ஒவ்வொரு சிப்பின் முதுகிலும் சந்தனம், அதன்மேல் குங்குமம். பாட்டரிக்குத் தனியாக ஒரு பொட்டு. மூலையில் சாமந்திப் பூ. சிரிப்பு வந்தது, கையிலிருந்த மூடியின் ஸ்டிக்கரைப் பார்த்ததும் நின்றது. மூடியில்தான் திறக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறதே என்று கேட்டேன். கடைக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "மேல்பெட்டிக்குப் பொட்டு வெச்சா அது பலகைக்குத்தானுங்க சேரும்? மெசினோட உசுரு உள்ளதான இருக்குது. வருசம் பூரா ஒழைக்குது, உசுருக்கு ஒரு பொட்டு வெக்காம எப்படீங்க?" என்றார்.

வீட்டுக்கு வீடு திருப்புளி இருக்கிற ஊர் இது. மோட்டாரைப் பிரித்துத் துடைத்துப் பொட்டு வைத்துப் பூட்டுகிற ஊர். புதிய ரேக்ளா வைத்திருந்த எல்லோருமே மூடியைத் திறந்திருக்கிறார்கள். எந்தக் கள்ளனும் தொடாத பூட்டு, காசு கொடுத்து வாங்கியவர்களைப் பார்த்துப் பார்த்துக் கொன்றிருக்கிறது.

ஈரோட்டுக்காரரின் நகலிலும் சந்தனம் வைத்தார்கள். அதில் பூட்டு ஏது? ஜம்மென்று ஓடியது. அவருடைய ஆட்கள் அன்று மாலையே ஊர் ஊராகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். விஜயதசமியில் எழாத மெசின் கடைக்கு ஆகாதாம், குடும்பத்துக்கும் ஆகாதாம்.

மாடியில் நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்தோம். தங்கவேலு ஒரே பேச்சாகச் சொன்னார்: கரண்டு ஓல்டேஜ் ஏறி இறங்கிப் போர்டு போய்விட்டது என்று சொல்லிப்போடலாம். எங்கள் பக்கம் ஓல்டேஜ்மேல் எந்தப் பழியைப் போட்டாலும் நிற்கும். நான் அதையும் சொல்ல வேண்டாம் என்றேன். போர்டுகளை வாங்கிவந்து சாவியைத் திரும்ப ஏற்றிக் கொடுத்துவிடலாம், வாயைத் திறக்கக் கூடாது. சார் டெஸ்டரை வெளியே எடுத்தார்.

"ஓல்டேஜுன்னா பாவம் ஸ்டெபிலைசர் வாங்கி வெப்பாங்க. அடுத்த நோம்பிக்கும் மூடியத் தொறப்பாங்க" என்றார். "நாம வெச்ச பூட்டுன்னு நாமதான் போய்ச் சொல்லோணும்."

எனக்குத் தாங்கவில்லை. எழுந்துவிட்டேன். "சார், சொன்னா நாளைக்கே ஈரோட்டுக்காரருக்கும் தெரிஞ்சுபோயிருமுங்க. வெளிச்சந்தான் வெசயம்னு தெரிஞ்சா அவரு இருட்டுல தொறந்துபோடுவாரு. அத்தனை மாசத்து வேலைங்க."

"தெரியட்டுமுங்க" என்றார். மூடியை மாட்டிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அன்று இரவு நான் சாப்பிடவில்லை. என்னாலும் வெயிலாலும் உடைக்க முடியாத ஒரே பூட்டு அது. உடைக்காமல் வாயாலேயே திறந்துவிடப் போகிறார் இந்த மனிதர் என்று அம்மாவிடம் கத்தினேன். அம்மா, உன் பூட்டு யாருக்காக என்று கேட்கவில்லை, ரசத்தைச் சூடு பண்ணட்டுமா என்றுதான் கேட்டார். வேண்டாம் என்றேன்.

சாரும் நானும் ஊர் ஊராகப் போனோம். ஒவ்வொரு கடையிலும் சார் சொல்லுவார், நான் போர்டைச் சரிசெய்வேன். சிலர் சிரித்தார்கள். சிலர் மெசினைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். கோபியில் ஒருவர் சாரை நிற்கவைத்தே பேசினார். சென்னிமலைக்குப் போனது அந்தச் சுற்றின் கடைசியில்.

அங்கே மலையடிவாரத்தில் பாப்பாத்தியக்கா மெசின் வைத்திருந்தார். அவர் வீட்டுக்காரர் பெட்ஷீட் நெய்கிறவர். முன் அறையில் இருந்த இரண்டு தறிகளில் ஒன்றைப் பிரித்துப் பரணில் போட்டுவிட்டு, அந்த இடத்தில் ரேக்ளா மெசினை வைத்தார் அக்கா. கோயிலுக்கு வருகிறவர்கள் கூட்டத்தில் கடை நன்றாகப் போனது. மாமனாருக்கு மட்டும் அது ஆகவே இல்லை. தறி இருந்த இடத்தில் பொம்மைப் பெட்டி வைத்தால் குடும்பம் விளங்காது என்று முதல் நாளே சொன்னவர். இப்போது விஜயதசமியன்று மெசின் எழவில்லை. தறியை எடுத்த பாவம் என்று வீடு முழுக்க முடிவாகிவிட்டது. அமாவாசைக்குள் பெட்டியை வெளியே தள்ளிவிட்டுத் தறியை இறக்க வேண்டுமாம். அக்காவின் கண் வீங்கியிருந்தது. வாழ்க்கையில் அவர் தானாக யோசித்துத் தானாகச் செய்த ஒரே காரியம் அந்தக் கடை. இதையெல்லாம் நாங்கள் உள்ளே நுழைந்த உடனேயே சொல்லிவிட்டார், தண்ணீர் கொடுப்பதற்கு முன்னால்.

சார் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். உள்ளே ஒரு கண் இருக்கிறது, வெளிச்சம் பட்டால் மெசின் செத்துவிடும்படி நாங்கள்தான் வைத்தோம், நகல் எடுக்கிறவர்களுக்காக வைத்தது, உங்கள் பூசையில் ஒரு குறையும் இல்லை, தறிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

பாப்பாத்தியக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு உள்பக்கம் திரும்பி மாமனாரையும் வீட்டுக்காரரையும் கூப்பிட்டார்.

"ஏனுங்க சார், இப்பச் சொன்னீங்கல்ல, அத இன்னொருக்காச் சொல்லுங்க. மாமனுக்குக் காது கொஞ்சம் மந்தம், சத்தமாச் சொல்லுங்க."

சார் இன்னொரு முறை சொன்னார், சத்தமாக. அவர் குரல் அவ்வளவு உயர்ந்து நான் கேட்டது அன்று மட்டும்தான். பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தறிக்குப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் தறிச் சத்தம் கேட்டது. அக்காவின் முகம் தெளிந்தது. எனக்கும் மூச்சு வந்தது, போதும், கிளம்பிவிடலாம் என்று பையை எடுத்தேன். அப்போதுதான் கேட்டார்.

"அப்ப, எங்களையும் சேத்துத்தான் கள்ளன்னு நெனைச்சுப்போட்டீங்களாங்க?"

கோபமாகக் கேட்கவில்லை. கூலி எவ்வளவு என்று கேட்பதுபோல, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். என் வாயில் பதில் தயாராக இருந்தது. அப்படியில்லைங்க அக்கா, இது பொதுவா எல்லா மெசினுக்கும் வைக்கிறது, பாதுகாப்புக்கு. சொல்ல வாயெடுத்தேன். சார் முந்திக்கொண்டார்.

"ஆமாங்க அம்மணி. உங்களையும் சேத்துத்தான்."

அதற்குமேல் ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை. காரணம் சொல்லவில்லை, மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. ஆமாங்க என்றுவிட்டு நின்றார். அக்கா தலையை ஆட்டிக்கொண்டார். ஒரு கணக்கு நேராகிவிட்டதுபோல இருந்தது அந்தத் தலையாட்டல்.

"சரீங்க. அப்ப அந்தக் கண்ணப் புடுங்கிப்போட்டுப் போங்க. எங்கூட்டுல வேண்டாம்."

சார் என்னைப் பார்த்தார். செய்யுங்க என்று சொல்லவில்லை. அது என் கை வேலை என்று அவருக்குத் தெரியும். கட்டிங் பிளேயரை எடுத்தேன். எத்தனையோ நாள் உட்கார்ந்து உடைக்க முடியாத பூட்டு, இரண்டு கால்களை 'டிக் டிக்' என்று வெட்டியதும் போய்விட்டது. உள்ளங்கையில் மிளகுபோலக் கிடந்தது. பாட்டரித் தொடர்பை நேராக இணைத்துச் சாவியை ஏற்றினேன். காளைகள் எழுந்தன. அக்கா கற்பூரம் கொளுத்தினார், மூடி திறந்தபடியே இருக்கட்டும் என்றார். என்னைப் பார்த்து, "கண்ணு, நீ செஞ்ச மெசினுதான, ஒரு ஆட்டம் ஆடு பாப்போம்" என்று தன் கையாலேயே காசு போட்டார்.

ஆடினேன். முதல் வளைவிலேயே வண்டியைப் புளியமரத்தில் கொண்டுபோய்ச் சாத்தினேன். அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். அந்த விளையாட்டின் ஒவ்வொரு புள்ளியும் எனக்குத் தெரியும். அதை உடைக்கிறவளாக எத்தனையோ தடவை உட்கார்ந்திருக்கிறேன். காசு போட்டு ஆடுகிறவளாக அன்றைக்குத்தான் முதன்முதலாக அதன் முன்னால் நின்றேன். நாய் குறுக்கே ஓடியதும் எனக்கே பயமாக இருந்தது.

நான் சொன்னபடியே நடந்தது. பொங்கலுக்குள் புதிய ரேக்ளாவின் நகல் வந்துவிட்டது. போட்டோ ஸ்டுடியோ ஒன்றின் இருட்டறையில் வைத்துத் திறந்திருக்கிறார்கள். இருட்டறை எனக்கு ஏன் தோன்றவில்லை என்று இன்றைக்கும் எரிச்சல் வரும். எங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் அந்தப் பக்கம் போனார்கள், மீதிப்பேர் இருந்தார்கள். அக்கா இருந்தார். அதற்குப்பிறகு வீட்டு டி.வி.யில் மாட்டி ஆடும் கேம்கள் மலிவாக வந்து கடைகளையே காலி செய்துவிட்டன. நாங்கள் நூல் மில் மெசின்களுக்குக் கட்டுப்பாட்டு போர்டு செய்யப் போனோம். அங்கேயும் நகல்காரர்கள் இருந்தார்கள், எனக்கும் கடைசிவரை பூட்டு வேலைதான். ஆனால் அதன்பிறகு சார் கள்ளன் மேசைக்கு எதிரே இன்னொரு நாற்காலி போட்டார். வாடிக்கையாளர் யாராவது ஒருவர் வந்து, மெசினைத் தன் வீட்டில் எப்படி வைத்திருப்பாரோ அப்படியே அதில் உட்கார்ந்து கையாள வேண்டும், துடைப்பது, திறப்பது, பொட்டு வைப்பது எல்லாம். அது முடியாமல் எந்தப் பூட்டும் வெளியே போகவில்லை.

சார் சொன்னது சரியா என்று அவரிடம் நான் பலமுறை சண்டை பிடித்திருக்கிறேன். கம்பெனிக்கு அது நல்லதில்லை என்பதில் இன்றும் எனக்குச் சந்தேகமில்லை. ஆமாங்க என்று சொன்ன அந்த ஒரு வார்த்தை மட்டும் என்ன வேலை செய்தது என்று எனக்குப் புரியாமலே இருந்தது. போன மாதம்தான் புரிந்தது.

இந்தச் செல்போன் விளையாட்டுக்காரர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. கள்ளர்கள் நிறைய, பூட்டு வேண்டும், பூட்டுக்கு ஆள் பார்த்துக் கடிக்கத் தெரியாது. இதெல்லாம் எனக்குத் தெரியாததா? கோலி உடைக்காமல் ஒன்றும் குடி முழுகிவிடாது. ஆனாலும் தினமும் அந்தப் பொத்தானை அழுத்தி எழுதுகிறேன். தினமும் டம்ளரை எடுப்பதற்குள் பதில் வருகிறது, மறுபரிசீலனை செய்தோம், முடிவில் மாற்றமில்லை. எனக்குக் கணக்கு திரும்ப வேண்டாம். யாராவது ஒரு மனிதர் ஒருமுறை போன் செய்து, 'ஆமாங்க, உங்களையும் சேத்துத்தான் நெனைச்சோம்' என்று சொல்லட்டும். செல்போனை அணைத்து வைத்துவிட்டு உட்காருகிறேன்.